இரண்டு டிரான்சிஸ்டரில் 500 வாட் வருமா? வீட்டில் செய்யும் எளிய இன்வெர்ட்டர்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. பழைய யூபிஎஸ்ஸிலிருந்து எடுத்த 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று கையில் இருக்கிறது. 12-0-12, 5 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் ஒன்றும் இருக்கிறது. இரண்டு 2என்3055 டிரான்சிஸ்டர், இரண்டு ரெசிஸ்டர் போதும், 500 வாட் வரும் என்று ஒரு வீடியோவில் பார்த்தீர்கள். கரண்ட் போகும்போது இரண்டு எல்இடி பல்பும் ஒரு ஃபேனும் வைஃபை ரூட்டரும் ஓட வேண்டும். அதை அப்படியே செய்யலாமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. 12 வோல்ட் டிசியை வீட்டில் உட்கார்ந்து 230 வோல்ட் ஏசியாக மாற்ற முடியுமா? முடியும், ஒரு விடுமுறை நாள் வேலைதான். 500 வாட் வருமா? வராது. உங்கள் தேவைக்கு இதுதான் சரியான வழியா? பாதி ஆம், பாதி இல்லை. இன்வெர்ட்டர், யூபிஎஸ் போர்டுகளைப் பழுது பார்ப்பது என் தொழில். சொல்லப்போவதில் பெரும்பகுதி கணக்கு, அதை நீங்களே போட்டுச் சரிபார்க்கலாம். பழக்கத்தில் கண்டது எது, ஆளுக்கு ஆள் மாறக்கூடியது எது என்பதையும் அங்கங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வாட் கணக்கு. இப்படிப்பட்ட எளிய சுற்று 80 சதவீதம் திறனில் ஓடினால் நல்லபடியாக ஓடுகிறது என்று அர்த்தம். 500 வாட் வெளியே வர வேண்டுமென்றால் பேட்டரியிலிருந்து 625 வாட் எடுக்க வேண்டும். 12 வோல்ட்டில் அது 52 ஆம்பியர். உங்கள் பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் 7 ஆம்பியர்-அவர் என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக, 0.35 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைக்கும் அளவு. வேகமாக எடுக்க எடுக்க அந்த அளவு சுருங்கும். 7 ஆம்பியர் எடுத்தால் ஒரு மணி நேரம் தாங்கும் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் புதிய பேட்டரியே சுமார் அரை மணி நேரத்தில் தரைதட்டிவிடும். பழைய யூபிஎஸ்ஸிலிருந்து வந்தது எவ்வளவு தாங்கும் என்று பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. 52 ஆம்பியரில் அது நிமிடக் கணக்கில்கூட நிற்காது. அந்த வீடியோக்களில் 500 வாட் என்று தலைப்பு இருக்கும், எரிவது என்னவோ ஒரு 9 வாட் பல்புதான்.

அடுத்த தடை டிரான்ஸ்பார்மர். 5 ஆம்பியர் என்றால் அந்தக் காயில் தொடர்ந்து தாங்கும் ஆர்எம்எஸ் கரண்ட் (அதே சூட்டைத் தரும் டிசிக்குச் சமமான அளவு) அது. நடுமுனை (12-0-12-இல் இருக்கும் அந்த 0) வைத்த இந்த அமைப்பில் ஒரு நேரத்தில் ஒரு பாதிக் காயிலில்தான் கரண்ட் ஓடும், மற்ற பாதி ஓய்வாக இருக்கும். பேட்டரியிலிருந்து எடுக்கும் கரண்ட்டை 1.414-ஆல் வகுத்தால் ஒவ்வொரு பாதியின் ஆர்எம்எஸ் கரண்ட் கிடைக்கும். அதாவது பேட்டரியிலிருந்து அதிகபட்சம் 7 ஆம்பியர், உள்ளே போவது 85 வாட், வெளியே வருவது 70 வாட் சுமார். உங்களிடம் இருக்கும் பொருட்களின் உச்சவரம்பு இதுதான். எந்த டிரான்சிஸ்டரைப் போட்டாலும், எத்தனை போட்டாலும் இந்த எண் மாறாது. எனவே 50 வாட் என்று மனதில் வைத்துச் செய்யுங்கள், நிம்மதியாக ஓடும்.

சரி, அந்த இரண்டு டிரான்சிஸ்டர் சுற்று ஏன் வேண்டாம்? அதில் நேரத்தைக் கணக்கிடும் பகுதி என்று தனியாக எதுவும் கிடையாது. ஒன்றின் கலெக்டர் என்ற வெளியீட்டு முனையிலிருந்து மற்றதன் பேஸ் என்ற கட்டுப்பாட்டு முனைக்கு ரெசிஸ்டர் போகும், டிரான்ஸ்பார்மர் கோர் (காயிலுக்குள் இருக்கும் இரும்பு) காந்தத்தில் நிரம்பும்போது ஒன்று அணைந்து மற்றது ஆன் ஆகும். அதனால் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸில் நிற்பதில்லை. சுமையைப் பொறுத்தும் பேட்டரி வோல்ட்டேஜைப் பொறுத்தும் அது இஷ்டத்துக்கு ஓடும். சில நேரம் தொடங்கவே தொடங்காமல் ஒரு டிரான்சிஸ்டர் மட்டும் ஆன் ஆகி நின்றுவிடும், அப்போது பேட்டரி முழுவதும் ஒரு பாதிக் காயிலின் மேல் உட்கார்ந்துவிடும். அதோடு 2என்3055 4 ஆம்பியரிலேயே 1.1 வோல்ட் வரை தின்றுவிடும், கரண்ட் கூடக்கூட இன்னும் அதிகம். அதன் பேஸுக்குக் கொடுக்க வேண்டிய கரண்ட்டும் சும்மா வீணாகும். அது நல்ல டிரான்சிஸ்டர்தான், ஆனால் 12 வோல்ட்டில் ஒரு வோல்ட்டை விழுங்குவது பெரிய இழப்பு.

நான் சொல்லும் சுற்றும் அவ்வளவு எளிமையானதுதான்: சிடி4047 என்ற ஐசி ஒன்று, மாஸ்ஃபெட் இரண்டு. மாஸ்ஃபெட் என்பது கேட் முனையில் வோல்ட்டேஜ் கொடுத்தால் டிரெயின், சோர்ஸ் என்ற மற்ற இரண்டு முனைகளுக்கு இடையே கரண்ட் விடும் டிரான்சிஸ்டர் வகை. சிடி4047-ஐ எடுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதன் உள்ளே அதிர்வியின் அலையை ஒரு ஃபிளிப்ஃபிளாப் இரண்டால் வகுத்து வெளியே விடுகிறது. அதனால் 10, 11-ஆம் பின்களில் வரும் இரண்டு வெளியீடுகளும் சரிபாதி நேரம் ஆன், சரிபாதி நேரம் ஆஃப். 555 என்ற டைமர் ஐசியை நேரடியாகப் போட்டு, ஒரு டிரான்சிஸ்டரால் அதைத் தலைகீழாக்கி இரண்டாவது மாஸ்ஃபெட்டுக்குக் கொடுக்கும் சுற்றுகளை நிறையப் பார்க்கலாம். 555-இன் வழக்கமான இணைப்பில் ஆன் நேரம் எப்போதும் பாதிக்கு மேல்தான் இருக்கும். அந்த வித்தியாசம் டிரான்ஸ்பார்மருக்குள் டிசியாகப் போய், கோரை ஒரு பக்கமாகத் தள்ளி, ஒரு மாஸ்ஃபெட் மட்டும் கொதிக்கும். ‘ஒண்ணு மட்டும் சுடுது சார்’ என்று கொண்டுவரும் வீட்டுத் தயாரிப்புகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இணைப்பு இப்படி. 4, 5, 6, 14 ஆகிய பின்கள் பாசிட்டிவுக்கு. 7, 8, 9, 12 நெகட்டிவுக்கு. 1-க்கும் 3-க்கும் இடையே கெப்பாசிட்டர், 2-க்கும் 3-க்கும் இடையே ரெசிஸ்டர். வெளியீட்டில் ஒரு முழு அலையின் நேரம் 4.4 × ஆர் × சி. 50 ஹெர்ட்ஸுக்கு 20 மில்லிசெகண்ட் வேண்டும், எனவே கெப்பாசிட்டர் 0.1 மைக்ரோஃபாரட் என்றால் ரெசிஸ்டர் சுமார் 45.5 கிலோஓம். 33 கிலோஓம் ரெசிஸ்டரோடு 22 கிலோஓம் ப்ரீசெட்டை (திருகி அளவை மாற்றும் ரெசிஸ்டர்) தொடராகப் போட்டால் ஏறக்குறைய 41-இலிருந்து 69 ஹெர்ட்ஸ் வரை திருப்பிக்கொள்ளலாம். கெப்பாசிட்டர் பாலியெஸ்டர் வகையாக இருக்கட்டும். பாசிட்டிவ், நெகட்டிவ் குறித்த எலெக்ட்ரோலைட்டிக் இங்கே ஆகாது, ஏனென்றால் இதன் மேல் வோல்ட்டேஜ் இரு திசையிலும் மாறும். ஐசிக்குப் போகும் பாசிட்டிவை நேராகப் பேட்டரியிலிருந்து இழுக்காமல் 100 ஓம் ரெசிஸ்டர் வழியாக எடுத்து, ஐசியின் அருகிலேயே 100 மைக்ரோஃபாரட் ஒன்றும் 0.1 மைக்ரோஃபாரட் ஒன்றும் போடுங்கள். மாஸ்ஃபெட் மாறும்போது பேட்டரி வயரில் எழும் அதிர்வு ஐசியைக் குழப்பாமல் இருக்க இது வேண்டும்.

டிரான்ஸ்பார்மரின் நடுமுனை பேட்டரி பாசிட்டிவுக்கு, இரண்டு 12 வோல்ட் முனைகளும் ஆளுக்கொரு மாஸ்ஃபெட்டின் டிரெயினுக்கு, இரண்டு சோர்ஸும் நெகட்டிவுக்கு. மாஸ்ஃபெட்டுக்கு ஐஆர்எஃப்இசட்44என் தாராளம். 55 வோல்ட், ஆன் நிலையில் 17.5 மில்லிஓம். 7 ஆம்பியர் எடுக்கும்போது ஒவ்வொன்றிலும் அரை வாட் அளவுதான் சூடாக வீணாகும், சூடேறி ரெசிஸ்டன்ஸ் கூடினாலும் ஒரு வாட்டைத் தாண்டாது. ஐஆர்எஃப்3205 இருந்தால் இன்னும் நல்லது. இந்த 55 வோல்ட் ஏன் முக்கியம் என்றால், ஒரு பாதிக் காயில் ஆனில் இருக்கும்போது அணைந்திருக்கும் மாஸ்ஃபெட்டின் டிரெயினில் பேட்டரியைப் போல இரண்டு மடங்கு வோல்ட்டேஜ் நிற்கும். முழுச் சார்ஜில் அது 27, 28 வோல்ட். அதற்கு மேல் மாறும் கணத்தில் ஒரு கூர்முனை எழும். 30 வோல்ட் மாஸ்ஃபெட் போட்டால் அது அதிக நாள் இருக்காது. இரண்டு டிரெயின்களுக்கும் இடையே 10 ஓம், 2 வாட் ரெசிஸ்டரையும் 0.1 மைக்ரோஃபாரட், 100 வோல்ட் கெப்பாசிட்டரையும் தொடராகப் போட்டால் அந்தக் கூர்முனை மழுங்கும். 10, 11-ஆம் பின்களிலிருந்து ஒவ்வொரு கேட்டுக்கும் தொடராக 47 ஓம், கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே 10 கிலோஓம். ஐசி செத்துப்போனாலும் வயர் கழன்றாலும் மாஸ்ஃபெட் அணைந்தே இருக்க அந்த 10 கிலோஓம் உதவும்.

சிடி4047-ஆல் சில மில்லிஆம்பியர்தானே தர முடியும், மாஸ்ஃபெட்டை ஓட்டுமா என்று அடிக்கடி கேட்பார்கள். இந்த மாஸ்ஃபெட்டின் கேட்டை நிரப்ப அதிகபட்சம் 63 நானோகூலோம் மின்னூட்டம் வேண்டும். 3 மில்லிஆம்பியரில் நிரப்ப 21 மைக்ரோசெகண்ட் ஆகும். 50 ஹெர்ட்ஸில் அரை அலை 10,000 மைக்ரோசெகண்ட், அதனால் பரவாயில்லை. இதே ஐசியை வைத்து 50 கிலோஹெர்ட்ஸில் ஃபெரைட் கோரை ஓட்டப் பார்த்தால்தான் மாஸ்ஃபெட் வெந்துபோகும். இன்னொன்று: மாஸ்ஃபெட்டின் உலோக முதுகு டிரெயின். இரண்டு டிரெயின்களும் வெவ்வேறு முனைகள். ஒரே ஹீட்சிங்கில் இரண்டையும் திருகினால் அடியில் மைக்காவோ சிலிக்கான் பேடோ, கூடவே திருகுக்கான பிளாஸ்டிக் புஷ்ஷும் கட்டாயம் வையுங்கள்.

இனி டிரான்ஸ்பார்மர். அதிகம் குழப்பம் நடக்கும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிற்கிறேன். 230 வோல்ட்டை 12 ஆக்கும் டிரான்ஸ்பார்மரைத் திருப்பிப் போட்டால் 12 வோல்ட் 230 ஆகிவிடும் என்று நினைக்கிறோம். ஆகாது. முழுச் சுமையில் 12 வோல்ட் தர வேண்டும் என்பதற்காகச் சுற்றியவர் சில சுற்றுகள் கூட்டித்தான் சுற்றியிருப்பார். சுமையில்லாமல் அளந்தால் 13 வோல்ட் அளவு காட்டும். அப்படியென்றால் உண்மையான விகிதம் 230-க்கு 13. இதைத் திருப்பி 12 வோல்ட் கொடுத்தால் சுமையில்லாமலே 212 வோல்ட்தான் வரும். சுமை ஏறியதும் காயிலில் கொஞ்சம், மாஸ்ஃபெட்டில் கொஞ்சம், பேட்டரியே தொய்வதில் கொஞ்சம் போய் 180, 190-இல் நிற்கும். இதைப் பார்த்துத்தான் பலர் 9-0-9 டிரான்ஸ்பார்மருக்குப் போகிறார்கள். ‘12 வோல்ட் பேட்டரிக்கு 9-0-9 தான் போடணும்’ என்பது எல்லோரும் எல்லோருக்கும் சொல்லும் ஆலோசனை. அதில் பாதி உண்மை இருக்கிறது, மீதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

சொல்லாமல் விடுவது கோரைப் பற்றி. கோரில் எழும் காந்தப் பாய்வைத் தீர்மானிப்பது ஒவ்வொரு அரை அலையிலும் காயிலின் மேல் இருக்கும் சராசரி வோல்ட்டேஜ், அது நிற்கும் நேரம் இரண்டின் பெருக்கல். வீட்டு மின்சாரத்தில் வரும் வளைவான சைன் அலையில் சராசரி ஆர்எம்எஸ்ஸின் 0.9 மடங்குதான். நம் சுற்று தரும், சட்டென்று ஏறி இறங்கும் சதுர அலையில் இரண்டும் ஒன்றே. அதனால் அதே ஆர்எம்எஸ் அளவுள்ள சதுர அலை கோரை 11 சதவீதம் அதிகமாக நிரப்பும். உங்கள் 12-0-12-க்குக் கணக்குப் போட்டால், 12-ஐ 13-ஆல் வகுத்து 1.11-ஆல் பெருக்க, 1.02 வருகிறது. வடிவமைத்த அளவை ஒட்டியே இருக்கிறது, நல்லது. 9-0-9-க்குச் சுமையில்லா வோல்ட்டேஜ் 9.75 என்று வைத்தால் அதே கணக்கு 1.37 வரும். சிறிய டிரான்ஸ்பார்மர்களின் கோர் பெரும்பாலும் நிரம்பும் எல்லைக்கு அருகிலேயே ஓட்டப்படுவது. அதில் 37 சதவீதம் கூட்டினால் சுமையே இல்லாமல் பல ஆம்பியர் இழுக்கும், உறுமும், சூடேறும். கூடவே, சுமையில்லாத வெளியீடு 280 வோல்ட்டைத் தொடும். ஆகவே முழுச் சதுர அலைக்கு உங்களிடம் இருக்கும் 12-0-12 தான் பாதுகாப்பானது, வோல்ட்டேஜ் குறைந்தாலும் பரவாயில்லை. அதிர்வெண்ணையும் கவனியுங்கள். 40 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் கோர் நிரம்பும், 55-க்கு ஏறினால் பெரிய கேடு இல்லை. 

இங்கே மீட்டர் ஒரு வேடிக்கை செய்யும். சாதாரண மல்டிமீட்டர் சராசரியை அளந்து, சைன் அலைதான் என்று நம்பி 1.11-ஆல் பெருக்கிக் காட்டும். சதுர அலையில் உண்மையான 210 வோல்ட் அதில் 233 என்று தெரியும். ‘கரெக்டா 230 வருது’ என்ற மகிழ்ச்சிக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இதுதான். ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் இருந்தால் மட்டுமே ஏசி அளவை நம்புங்கள்.

9-0-9-ஐ ஒழுங்காகப் பயன்படுத்தவும் வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த சின்னத் தந்திரம் அது. ஒவ்வொரு அரை அலையிலும் மூன்றில் இரண்டு பங்கு நேரம் மட்டும் மாஸ்ஃபெட்டை ஆன் செய்து, மீதி ஒரு பங்கு இரண்டையும் அணைத்து வைப்பது. கோரின் சுமை 1.37-இலிருந்து 0.91-க்கு இறங்கிவிடும். உச்சம் 283 வோல்ட் இருந்தாலும் ஆர்எம்எஸ் 231-இல் உட்காரும். போனஸாக, அலையில் கலந்திருக்கும் மூன்றாவது ஹார்மோனிக் (50 ஹெர்ட்ஸின் மூன்று மடங்கு அதிர்வெண் உள்ள பகுதி) கணக்குப்படி முற்றிலும் மறைந்துவிடும். இதைச் செய்ய ஒரு 555-ஐ 300 ஹெர்ட்ஸில் ஓட்டி சிடி4017 என்ற எண்ணும் ஐசிக்குக் கொடுங்கள். அதன் ஏழாவது வெளியீட்டை, அதாவது 5-ஆம் பின்னை, 15-ஆம் பின்னான ரீசெட்டோடு இணைத்தால் ஆறு படிகளில் சுற்றிக்கொண்டே இருக்கும். 13-ஆம் பின் நெகட்டிவுக்கு. 2, 4-ஆம் பின்களை இரண்டு டையோடு வழியாகச் சேர்த்து ஒரு கேட்டுக்கும், 10, 1-ஆம் பின்களை அதேபோல் மற்ற கேட்டுக்கும் கொடுங்கள். 3, 7-ஆம் பின்கள் சும்மா இருக்கட்டும், அவைதான் இடைவெளி. டையோடு பின்னோக்கி விடாது என்பதால் கேட்டைக் காலி செய்ய இங்கே 10 கிலோஓமுக்குப் பதில் 4.7 கிலோஓம். 555-இன் ஆன், ஆஃப் சமமாக இல்லாவிட்டாலும் இங்கே கவலையில்லை, ஒவ்வொரு படியும் ஒரு முழு அலையைப் பிடிப்பதால் இரண்டு பக்கமும் தானாகச் சமமாகிவிடும். மோட்டார் போன்ற சுமையில் அந்த இடைவெளியில் வோல்ட்டேஜ் சுத்தமாகப் பூஜ்யத்தில் நிற்காது, மாஸ்ஃபெட்டுக்குள் இருக்கும் டையோடு வழியாகக் காயிலின் கரண்ட் திரும்ப ஓடும். அதனால் எண்கள் கொஞ்சம் நகரும். முதலில் சிடி4047-ஐச் செய்துவிட்டு, அப்புறம் இதற்கு வாருங்கள்.

சுமைகளுக்கு வருவோம். குண்டு பல்பு எதிலும் எரியும். 100-240 வோல்ட் என்று எழுதிய மொபைல் சார்ஜர், லேப்டாப் சார்ஜர் பெரும்பாலும் ஓடும், ஏனென்றால் அவை முதலில் ஏசியை டிசியாக்கிக்கொள்கின்றன, 190 வோல்ட் அவற்றின் வரம்புக்குள்தான் இருக்கிறது. எல்இடி பல்பில் இரண்டு சாதி உண்டு. உள்ளே முறையான டிரைவர் இருப்பவை பிரச்சனை செய்வதில்லை. கெப்பாசிட்டர் மட்டும் வைத்து வோல்ட்டேஜைக் குறைக்கும் மலிவான பல்புகளில், சதுர அலையின் செங்குத்தான ஏற்றத்தில் கரண்ட் பாய்ந்து எல்இடி சீக்கிரம் போய்விடும். வெளியிலிருந்து பார்த்து எது என்று சொல்வது கடினம், ஒன்றைப் போட்டு ஒரு மணி நேரம் விட்டுச் சூட்டைப் பாருங்கள். சாதாரண சீலிங் ஃபேன் 70, 80 வாட், உங்கள் வரம்பு அதோடு முடிந்தது. அது ஓடினாலும் 190 வோல்ட் சதுர அலையில் மோட்டாருக்கு உபயோகமான அடிப்படை அலை 171 வோல்ட்தான், மீதியெல்லாம் ஹார்மோனிக். மெதுவாகச் சுற்றும், முனகும், சூடேறும். கெப்பாசிட்டர் வைத்த ரெகுலேட்டர் இருந்தால் அதையும் தவிர்க்க வேண்டும். பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேன் 30 வாட் அளவுதான், உள்ளே டிசியாக மாற்றித்தான் ஓடும், அதனால் பொருந்தும் என்பது என் எதிர்பார்ப்பு. ஆனால் உள்ளே இருக்கும் போர்டு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுவதால் உங்கள் ஃபேனுக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஃப்ரிட்ஜ், பம்ப் மோட்டார், மருத்துவக் கருவி எதையும் இதன் பக்கம் கொண்டுவராதீர்கள்.

ரூட்டருக்கு இன்வெர்ட்டரே தேவையில்லை. 12 வோல்ட்டை 230 ஆக்கி, அதை அடாப்டர் மறுபடி 12 ஆக்கி, இரண்டு இடத்திலும் இழப்பைக் கொடுத்துவிட்டு ஓட்டுவதற்குப் பதில், பேட்டரியிலிருந்து நேராக ஒரு பக்-பூஸ்ட் மாட்யூல் வழியாக 12 வோல்ட் கொடுங்கள். பேட்டரி 10.5-க்கும் 14.4-க்கும் இடையே ஆடுவதை அது சமன் செய்துவிடும். 10 வாட் ரூட்டர் மட்டும் என்றால் இந்தச் சிறிய பேட்டரியே பல மணி நேரம் தாக்குப்பிடிக்கும். 12 வோல்ட் டிசி எல்இடி பல்பு வாங்கினால் வெளிச்சமும் அப்படியே. அப்போது இன்வெர்ட்டரின் வேலை ஃபேன் ஒன்றுதான்.

வயரிங்கில் அதிகம் பேச ஒன்றுமில்லை, ஆனால் தவற விடக் கூடாதவை சில. பேட்டரி பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில் 10 ஆம்பியர் ஃபியூஸ். இத்தனை சிறிய பேட்டரியும் ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் தரும், வயர் சிவந்து எரியும். மோதிரம், உலோக வாட்ச் எல்லாம் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள். பேட்டரியிலிருந்து நடுமுனைக்கும் சோர்ஸுக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், முடிந்தவரை குட்டையாக. நடுமுனைக்கும் சோர்ஸுக்கும் குறுக்கே 2200 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர். 230 வோல்ட் பக்கம் 0.5 ஆம்பியர் ஃபியூஸ். பேட்டரியைத் தலைகீழாகக் கொடுத்தால் மாஸ்ஃபெட்டின் உள் டையோடுகள் திறந்து, இரண்டு காயில் வழியாகவும் கரண்ட் பாயும், ஃபியூஸ் மட்டுமே காப்பாற்றும். சுமையில் பேட்டரி 10.5 வோல்ட்டுக்கு இறங்கினால் நிறுத்திவிட வேண்டும். வோல்ட்டேஜை ஒப்பிடும் கம்பாரேட்டர் ஐசி ஒன்றை வைத்துத் தானாக நிற்கச் செய்யலாம், அதுவரை பேட்டரி முனையில் ஒரு சிறிய வோல்ட்மீட்டரையாவது வையுங்கள்.

பவர் கொடுப்பதில் அவசரம் வேண்டாம். முதலில் டிரான்ஸ்பார்மர் இல்லாமல், நடுமுனை வயருக்கும் ஒவ்வொரு டிரெயினுக்கும் இடையே ஒரு சிறிய 12 வோல்ட் பல்பு போடுங்கள். 0.1 மைக்ரோஃபாரட்டுக்குப் பதில் போலாரிட்டி இல்லாத 4.7 மைக்ரோஃபாரட்டை வைத்தால் ஒரு சுற்று ஒரு செகண்ட் ஆகும். பல்பு இரண்டும் மாறி மாறி எரிவதைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டும் சேர்ந்து எரிந்தாலோ ஒன்று அணையாமல் நின்றாலோ அங்கேயே பிழையைக் கண்டுபிடித்துவிடலாம், எந்தப் பாகமும் கருகாது. சரியானதும் பழைய கெப்பாசிட்டரைத் திரும்பப் போட்டு, மீட்டரில் அதிர்வெண்ணை 50-க்குக் கொண்டுவந்து, டிரான்ஸ்பார்மரை இணைத்து, பேட்டரி பாசிட்டிவில் தொடராக ஒரு 12 வோல்ட் 21 வாட் வாகன பல்பைப் போட்டுக் கொடுங்கள். பல்பு மங்கலாக இருந்தாலோ தெரியாமலே இருந்தாலோ சரி. பளிச்சென்று எரிந்தால் ஷார்ட் அல்லது கோர் நிரம்புகிறது. அப்புறம் பல்பை எடுத்துவிட்டு, 230 வோல்ட் பக்கம் 15 வாட் குண்டு பல்பு. பத்து நிமிடம் கழித்து ஆஃப் செய்து, பேட்டரியைக் கழற்றிய பிறகு ஹீட்சிங்கையும் டிரான்ஸ்பார்மரையும் தொட்டுப் பாருங்கள். மாஸ்ஃபெட் குளிர்ந்தே இருக்கும், இருக்க வேண்டும்.

பேட்டரி 12 வோல்ட்தானே என்று வெளியீட்டை எளிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே வருவது கொல்லக்கூடிய வோல்ட்டேஜ். டிரான்ஸ்பார்மரின் வெளியீடு பூமியோடு தொடர்பில்லாமல் மிதப்பதால் ஒரு முனையைத் தொட்டால் ஷாக் தெரியாமல் போகலாம். அது பாதுகாப்பு அல்ல. எங்காவது ஒரு இன்சுலேஷன் கசிந்திருந்தால் அடுத்த முனை உங்களை முடித்துவிடும், மிதக்கும் வெளியீட்டில் வீட்டின் கசிவு பிரேக்கரும் உங்களுக்கு உதவாது. எல்லாவற்றையும் மூடிய பெட்டிக்குள் வைத்து, வெளியே சாக்கெட் மட்டும் தெரியும்படி செய்யுங்கள். இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் இதைச் சுவரின் சாக்கெட்டில் செருகி வீடு முழுக்கக் கரண்ட் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். மெயின் சுவிட்ச் அணையாமல் இருந்தால் தெருவில் கம்பத்தில் ஏறியிருக்கும் தொழிலாளியை அது கொல்லும். கரண்ட் திரும்பும்போது இரண்டு ஏசியும் மோதி உங்கள் மாஸ்ஃபெட் வெடிக்கும். சுமையை நேராக இன்வெர்ட்டரின் சாக்கெட்டில் செருகுங்கள், அவ்வளவுதான்.

இதைத் தாண்டிப் போக விரும்பினால், சதுர அலையிலேயே சாஃப்ட் ஸ்டார்ட்டும் வோல்ட்டேஜ் கட்டுப்பாடும் வேண்டுமென்றால் எஸ்ஜி3525, சுத்தமான சைன் அலை வேண்டுமென்றால் இஜிஎஸ்002 போன்ற தயார் டிரைவர் போர்டும் நான்கு மாஸ்ஃபெட் பாலமும். இரண்டாவதற்கு ஆசிலோஸ்கோப் இல்லாமல் இறங்க வேண்டாம் என்பேன். இது என் கருத்து, இல்லாமலே செய்து முடித்தவர்களும் இருக்கிறார்கள்.

நீங்கள் கேட்காமல் விட்டது சார்ஜிங். இந்தச் சுற்றில் சார்ஜர் கிடையாது. எப்போதும் இணைத்தே வைப்பதென்றால் 13.8 வோல்ட்டில் நிற்கும், கரண்ட்டை 2 ஆம்பியருக்குள் கட்டுப்படுத்தும் தனி சார்ஜர் வேண்டும். சார்ஜ் ஆகும்போது இன்வெர்ட்டரை ஒரு சுவிட்சால் துண்டித்து வைப்பது நல்லது, ஏனென்றால் அந்த 13.8 வோல்ட்டில் கோரின் கணக்கு 1.02-இலிருந்து 1.18-க்கு ஏறிவிடும். டிரான்ஸ்பார்மர் வாங்கும்போது கொஞ்சம் பெரிய கோராகப் பார்த்து வாங்கச் சொல்வதும் இதனால்தான். உங்கள் டிரான்ஸ்பார்மரைச் சுமையில்லாமல் ஓட்டி அது எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று அளந்து எழுதுங்கள். அந்த எண் தெரிந்தால் அது எவ்வளவு தாங்கும் என்று இன்னும் உறுதியாகச் சொல்ல முடியும்.